கவ்ஸ்வேல ஓட்ஸ் போடச் சொன்னீங்களே, அது பத்தி ரங்கூன்லருந்து ஒரு கடுதாசி

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் ரங்கூன்லருந்து எழுதுறேன். 1989லயே யாங்கோன்னு பேர் மாத்தியாச்சு, ஆனா எங்க வீட்ல இன்னும் ரங்கூன்தான். உங்க பேப்பரை போன்லதான் படிக்கிறது, கரண்ட் இருக்கிற நேரமா பார்த்து சார்ஜ் போட்டு வச்சுக்கிட்டு ராத்திரி படுக்கிறப்ப படிப்பேன், ஞாயித்துக்கிழமை இணைப்பு வந்தா முதல்ல சமையல் பக்கம்தான் மத்ததெல்லாம் அப்புறம். கொஞ்ச மாசம் முன்னாடி அதுல ‘லைட்டான பர்மா கவ்ஸ்வே’ன்னு ஒரு குறிப்பு போட்டிருந்தீங்க. நம்ம ஊரு சாப்பாடு மெட்ராஸ் பேப்பர்ல வந்திருக்கேன்னு பெருமையா அத்தைக்கு சத்தமா வாசிச்சுக் காட்டினேன், பாதிலயே அத்தை “போதும்த்தா நிறுத்து”ன்னுட்டாங்க.

குறிப்பு இதுதான்: தேங்காப்பாலுக்கு பதிலா கொழுப்பு எடுத்த பசும்பால், கடலை மாவுக்கு பதிலா ஓட்ஸ் பொடி, கடலெண்ணெய்க்கு பதிலா ஆலிவ் ஆயில், கோழிக்கு பதிலா காளான். மாத்துறதுக்கு வேற ஒண்ணும் பாக்கியில்ல, பேரை மட்டும் விட்டு வச்சிருந்தீங்க. அந்தப் பேர்லயே என்ன இருக்குன்னா, இங்க முழுப்பேரு ஓன்னோ கவ்ஸ்வே, ஓன்னோன்னா பர்மா பாஷைல தேங்காப்பால், கவ்ஸ்வேன்னா நூடுல்ஸ். தேங்காப்பாலை எடுத்துட்டா அதுல மிச்சம் கவ்ஸ்வேதானே, அதுக்கு ஒரு பாக்கெட் நூடுல்ஸ் வாங்கி வெந்நீர்ல போட்டுக்கலாமே.

கோவமா எழுதுறேன்னு நினைக்காதீங்க, நான் அதை செஞ்சும் பார்த்தேன், செஞ்சு பார்க்காம குறை சொல்ற ஆள் இல்ல நான். செய்யவும் ஒரு காரணம் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரருக்கு போன வருஷ ரிப்போர்ட்ல கொலஸ்ட்ரால் ஜாஸ்தி, ஷுகர் எல்லைல நிக்குது, ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு வேற வந்திருக்கு. டாக்டர் அவரைப் பார்க்காம என்னைப் பார்த்து “என்னம்மா சமைக்கிறீங்க”ன்னு கேட்டார். சாப்பிடறது அவரு, திட்டு எனக்கு. இங்க ஊர்ல ஓன்னோ கவ்ஸ்வேயை காலைலயோ சாயங்காலமோ டீக்கடைல ஒரு கிண்ணம் சாப்பிட்டுட்டு போயிடுவாங்க, எங்க வீட்ல அப்படியில்ல, ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பாடே அதுதான், மாமனார் காலத்துலருந்து அப்படித்தான். அத்தை, நாங்க ரெண்டு பேரு, மகன், மருமக, பேரன், ஆறு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறது வாரத்துல அந்த ஒரு வேளைதான். அதை நிறுத்துங்கன்னு டாக்டர் சொன்னா வீட்டுல யாரும் ஒத்துக்க மாட்டாங்க, அதான் உங்க குறிப்பைப் பார்த்ததும் ஆசையா அடுப்புல ஏத்தினேன்.

நடந்தது என்னன்னா, ஓட்ஸ் கொதிக்க கொதிக்க கொழகொழன்னு ஆகி கரண்டில இழுத்தா நூலா வந்துச்சு, சரி சூடா இருக்கிறப்ப சாப்பிட்டுடலாம்னு கிண்ணத்துல ஊத்தி வச்சேன். ஓன்னோ கவ்ஸ்வே சாப்பிடற முறை தெரிஞ்சவங்களுக்கு தெரியும், மேல பச்சை வெங்காயம், வறுத்த மிளகாத்தூள், அவிச்ச முட்டை எல்லாம் போட்டு கடைசில ஒரு எலுமிச்சம்பழத் துண்டு பிழியணும், பிழியாம சாப்பிட்டா அது கவ்ஸ்வேயே இல்ல. எங்க வீட்டுக்காரர் பிழிஞ்சார். பசும்பால்ல எலுமிச்சை விழுந்தா என்ன ஆகும்? திரிஞ்சு போச்சு. அவரு கிண்ணத்துல பன்னீர் கட்டி கட்டியா மிதக்குது, ஓட்ஸ் அடில உக்காந்திருச்சு, நடுவுல தெளிஞ்ச தண்ணி. பேரன் எட்டிப்பார்த்து “தாத்தாவோடது வாந்தி எடுத்திருச்சு”ன்னான், அதுக்கப்புறம் யார் சாப்பிடுவா. அன்னிக்கு ராத்திரி எல்லாரும் ரொட்டி சாப்பிட்டுட்டு படுத்தோம். குறிப்பு எழுதினவங்க கடைசில எலுமிச்சை பிழியச் சொல்லியும் எழுதியிருந்தாங்க அய்யா, அதான் எனக்கு ஆத்தாமை. அவங்க அதை ஆக்கி பிழிஞ்சு ஒரு வாய் வச்சிருந்தா அந்த வரியை எழுதியிருக்க மாட்டாங்க. தேங்காப்பாலோட கடலை மாவு கரைச்சு ஊத்திருந்தா எவ்வளவு பிழிஞ்சாலும் இப்படி திரியாது, மாவு பிடிச்சு வச்சுக்கும். அந்த ரெண்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லிட்டீங்க.

ஆலிவ் ஆயில் பத்தி ஒரு வார்த்தை. எந்த எண்ணெயா இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான், ஆலிவ்னாலும் கடலெண்ணெய்னாலும் பாமாயில்னாலும் அதேதான். பாமாயில்ல கிட்டத்தட்ட பாதி கெட்டிக் கொழுப்பு, அதனால அதை விட்டுட்டு வேற எண்ணெய் போங்கன்னா நியாயம், ஆனா ‘ஆலிவ் ஆயில் 6 ஸ்பூன்’னு எழுதிட்டு லைட்டுன்னு தலைப்பு போட்டா எப்படி. இங்க அது விக்கிற விலைக்கு நாங்க ஒரு வாரம் காய்கறி வாங்கிடலாம். மக்வே பக்கமெல்லாம் கடலையும் எள்ளும்தான் விளையுது, பர்மாவோட எண்ணெய்ச் சட்டின்னே அந்த ஊருக்கு பேரு, அங்கருந்து வர்ற நல்ல கடலெண்ணெய் கிடைக்கிறப்ப எங்கயோ ஐரோப்பாலருந்து வர்றது எங்களுக்கு எதுக்கு. பிரச்சினை எந்த எண்ணெய்ங்கிறதுல இல்ல, எவ்வளவு எண்ணெய்ங்கிறதுலதான்.

அந்த எவ்வளவுங்கிறதை நான் அளந்து பார்த்தேன். அடுத்த ஞாயிறு அத்தையையே ஆக்கச் சொல்லிட்டு பக்கத்துல தராசோட நின்னேன். அத்தைக்கு 79 வயசு, எதையும் அளந்து போட்டதில்ல, கைதான் அளவு. நான் ஒவ்வொண்ணா புடுங்கி தராசுல வச்சு வச்சு குடுக்க, “என்னத்தா நகைக்கடை வச்சிருக்கியா”ன்னு திட்டிக்கிட்டேதான் ஆக்கினாங்க. இங்க இன்னும் கடைல வீசைக் கணக்குதான். வீசைங்கிறது நம்ம தமிழ்ச் சொல்லுதான், அதைத்தான் இங்கிலீஷ்காரன் விஸ்னு எழுதி வச்சான், ஆனா நம்ம ஊர் பழைய வீசை 1.4 கிலோ சொச்சம், பர்மா வீசை 1.63 கிலோ. கோழி முக்கா வீசை, தோலோட. தேங்கா ரெண்டு. கவ்ஸ்வே அரை வீசைக்கு மேல. எண்ணெய் கேட்டீங்கன்னா வீசைல பத்துல ஒரு பங்கு, அதாவது 163 கிராம், அது தாளிக்க மட்டும், மேல தூவுற கவ்ஸ்வே பொரிக்கிற எண்ணெய் தனி. ஆறு பேருக்கு பிரிச்சா தலைக்கு 27 கிராம், ரெண்டு பெரிய ஸ்பூன், அதுலயே ஆளுக்கு 245 கலோரி கிட்ட ஆயிடுது. இன்னும் கோழித்தோல்ல இருந்து உருகி வர்றது, பொரிச்ச கவ்ஸ்வே குடிச்ச எண்ணெய், இதெல்லாம் கணக்குல வரல. நான் இத்தனை வருஷமா தேங்காயைத்தான் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தேன், தேங்கா நல்ல பிள்ளைன்னு சொல்ல வரல, அதுலயும் கொழுப்பு இருக்கு, அதுவும் கெட்டிக் கொழுப்பு. ஆனா ருசியைக் குடுக்கிற பொருள் அது. இந்த எண்ணெய் என்ன குடுத்துச்சுன்னு யோசிச்சா, மேல மிதந்துச்சு, அவ்வளவுதான்.

அந்த மிதக்கிறதுக்கு இங்க ஒரு மரியாதை உண்டு, அது தெரியாம பர்மா சாப்பாட்டைக் குறைக்க முடியாது. இங்க குழம்பு வைக்கிற முறைக்கு ஸீப்யன்னு பேரு, ஸீன்னா எண்ணெய், ப்யன்னா திரும்பி வர்றது. வெங்காயம் பூண்டு இஞ்சி இடிச்சதை எண்ணெய்ல போட்டு கறியையும் சேர்த்து தண்ணி ஊத்தி, தண்ணியெல்லாம் வத்தி எண்ணெய் பிரிஞ்சு மேல திரும்பி வர்ற வரைக்கும் வேக விடுறது. எண்ணெய் திரும்பலன்னா குழம்பு வேகலன்னு அர்த்தம். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல அந்த எண்ணெய்தான் மூடி, காத்தும் ஈயும் அண்டாம காலைல வச்சது ராத்திரி வரைக்கும் கெடாம நிக்கும். அப்புறம் அதுவே கவுரவமாவும் ஆயிருச்சு, விருந்தாளி வந்தா குழம்பு மேல எண்ணெய் ஒரு விரக்கடை நிக்கணும், இல்லன்னா வீட்டுல ஏதோ கஷ்டம்னு பேசுவாங்க. எங்க வீட்ல ஓன்னோக்கு கோழியை முதல்ல இந்த ஸீப்யன் முறைலதான் வதக்கி எடுக்கிறது, அப்புறம்தான் தண்ணியும் பாலும்.

கோழி வெந்துக்கிட்டு இருக்கிறப்ப அத்தைகிட்ட கேட்டேன், எண்ணெய் இல்லாம எப்பவாவது ஆக்கியிருக்கீங்களான்னு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க, 1987ல சர்க்கார் 25, 35, 75 கியாட் நோட்டெல்லாம் செல்லாதுன்னு சொன்னப்பன்னு. எனக்கும் நினைவிருக்கு, எனக்கு அப்ப 14 வயசு, எங்கப்பா கைல வச்சிருந்த நோட்டை திண்ணைல பரப்பி வச்சுட்டு உக்காந்திருந்தாரு, மாத்திக் குடுக்கிறதும் கிடையாது. அதுக்கு முன்னாடி 1964ல 50, 100 கியாட் நோட்டை செல்லாதுன்னாங்க, அப்பத்தான் கடை கன்னியெல்லாம் சர்க்கார் எடுத்துக்கிச்சு, மாமனாரோட அண்ணன் குடும்பம் கப்பலேறி மெட்ராஸ் போனாங்க, வியாசர்பாடில போய் இறங்கினவங்க, அவங்க வீட்ல இன்னிக்கும் அத்தோ பிசையுறாங்க. அத்தோன்னாலே பிசைஞ்சதுன்னுதான் அர்த்தம், உங்க ஊர்ல அதை நூடுல்ஸ் பேர்னு நினைச்சுக்கிறாங்க. சரி அது கிடக்கட்டும். 87ல அத்தை கைல காசில்ல, வீட்ல பெரியவங்க சின்னவங்க சேர்த்து பன்னெண்டு பேரு, ஞாயித்துக்கிழமை வந்தா பிள்ளைங்க கவ்ஸ்வே கேக்குதுங்க. ஒரே ஒரு தேங்கா. கோழி இல்ல, கழுத்தும் எலும்பும் மட்டும் வாங்கி வந்து கொதிக்க வச்சு, கடலை மாவை ரெண்டு மடங்கு வறுத்துக் கரைச்சு ஊத்தி, எண்ணெய் ஒரு கரண்டி. முதல் தேங்காப்பாலை கடைசி வரைக்கும் தனியா எடுத்து வச்சிருந்து இறக்குற நேரத்துல மேல சுத்தி ஊத்தினாங்களாம். பிள்ளைங்களுக்கு வித்தியாசமே தெரியலயாம்.

எனக்கு அப்படியே பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. டாக்டர் கேட்டது இதைத்தானே, நான் ஓட்ஸ் தேடி தெய்ஞ்சி மார்க்கெட் பூரா அலைஞ்சேனே. “அத்தை அதையே ஆக்குவோம்”னேன். அத்தை முகம் மாறிப் போச்சு. “அது இல்லாதப்ப ஆக்கினதுத்தா, இருக்கிறப்ப எதுக்கு அதை ஆக்கணும், எம்மகன் அதையா திங்கணும்”னாங்க. அதுக்கு மேல பேசல, நானும் வற்புறுத்தல. என் வீட்டுக்காரர் அந்த பன்னெண்டு பேர்ல ஒருத்தரு, அப்ப அவருக்கு 18 வயசு, ராத்திரி அவர்கிட்ட கேட்டா “அது நல்லாதான் இருந்துச்சு, அம்மா முன்னாடி சொல்லாதே”ன்னார்.

அதுலருந்து ஒரு ரெண்டு மாசம் சோதனை பண்ணி இப்ப ஒரு பக்குவத்துக்கு வந்திருக்கேன், உங்க பக்கத்துல போட்டா உபயோகப்படும். கோழி அதே முக்கா வீசைதான், தோலை உரிச்சிடுறேன். எலும்பை முதல் நாளே தனியா கொதிக்க வச்சு வடிகட்டி, கரண்ட் இருந்தா ஃப்ரிட்ஜ், இல்லன்னா ஐஸ் கட்டி வாங்கி வந்து அகலமான பேசின்ல போட்டு அதுக்குள்ள சட்டியை இறக்கி வச்சிடுவேன். நல்லா குளிர்ந்ததும் கொழுப்பு மேல வெளுத்து ஏடு கட்டும், அதை கரண்டியால வழிச்சு எடுத்துடலாம். முதல் தடவை எடுத்தப்ப ஒரு சின்ன கிண்ணம் நிறைய வந்துச்சு, இவ்வளவும் நாங்க குடிச்சுக்கிட்டு இருந்தோமான்னு பார்த்துக்கிட்டே நின்னேன்.

வெங்காயம்தான் எண்ணெய் குடிக்கிற ஆளு. அதை எண்ணெய்ல வதக்காம, அரைச்சு இந்த எலும்புத் தண்ணி ஒரு கரண்டி விட்டு மூடி போட்டு வேக விடுறேன், வத்த வத்த இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி, பச்சை வாசனை போய் சுண்டி பழுப்பா சட்டில ஒட்டுற வரைக்கும். அரை மணி நேரம் பக்கத்துலயே நிக்கணும், கரி அடுப்புன்னா அனலைக் குறைச்சுக்கணும், கொஞ்சம் அசந்தா அடிப்பிடிச்சு எல்லாம் கசந்து போயிடும், எனக்கு ரெண்டு தடவை அப்படி ஆச்சு. பூண்டு இஞ்சி மஞ்சத்தூள் அதுக்கப்புறம், கோழி அதுக்கும் அப்புறம். கடலை மாவு 150 கிராம், வெறும் சட்டில வறுக்கணும், மூக்குக்கு வறுகடலை வாசனை வரணும், கலர் மாறக்கூடாது. பச்சைத் தண்ணில கட்டியில்லாம கரைச்சு கொதிக்கிறதுல ஊத்தி இருவது நிமிஷமாவது கிண்டிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா பச்சை மாவு வாடை அடிக்கும், ராத்திரி பூரா வயிறு உப்பிக்கும். இந்த மாவுதான் சாறைத் தடிமனாக்கி நாக்குல பூசுற மாதிரி பண்ணுது, எண்ணெய் இருக்கிற மாதிரியே வாய்க்கு ஒரு நினைப்பு வரும், கூட பருப்புச் சத்தும் கிடைக்குது. அதை எடுத்துட்டு ஓட்ஸ் போடச் சொன்னது எந்த நியாயம்னு எனக்கு இன்னும் புரியல.

தேங்கா ஒண்ணு. ரெண்டாம் பால் மூணாம் பால் ரெண்டையும் மாவு ஊத்துறப்பவே சேர்த்துடணும், முதல் பாலைத் தொடக்கூடாது. அடுப்பை அணைச்சதுக்கு அப்புறம் முதல் பால், ஒரு கிண்டு, மூடி. கொதிக்கிறதுல போட்டா பாதி வாசனை ஆவியாப் போயிடும், கடைசில போட்டா அந்த ஒரு தேங்கா ரெண்டு தேங்காய் மாதிரி மணக்கும். இது அத்தையோட 87ம் வருஷ வித்தை, நான் கண்டுபிடிச்சதில்ல.

எண்ணெய் மொத்தம் மூணு பெரிய ஸ்பூன். ரெண்டு கோழி வதக்க. மூணாவது ஸ்பூன்லதான் விஷயம் இருக்கு, அதைச் சின்னக் கரண்டில காய வச்சு இறக்கி, ஆறினாப்புல இருக்கிறப்ப மிளகாத்தூள் போட்டு செவக்க விட்டு, சட்டி மேல அங்கங்க சொட்டு விடுறேன். எண்ணெய் மேல மிதக்கிற பொருள்தானே, ஒரு ஸ்பூன் ஊத்தினாலும் சட்டி பூரா பரவி செக்கச்செவேல்னு கண்ணுக்கு நிக்கும். பார்க்கிறவங்களுக்கு ஸீப்யன்தான்.

இதுல ஒரு பள்ளம் இருக்கு, அதை யாரும் எழுத மாட்டேங்கிறாங்க. எண்ணெயைக் குறைச்சா நாக்குக்கு ஏதோ குறையுற மாதிரி இருக்கும், உடனே கை மீன் சாஸ் பாட்டிலுக்குப் போகும். எங்க வீட்டுக்காரர் முதல் வாரம் மூணு தடவை ஊத்திக்கிட்டார். மீன் சாஸ் ஒரு பெரிய ஸ்பூன்ல சோடியம் 1400 மில்லிகிராம் கிட்ட இருக்கு, உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 2000க்குள்ளதான் சொல்லுது, அப்ப கொழுப்பைக் காப்பாத்தப் போய் பிரஷரை வாங்கிக்கிற கதை. இப்ப பாட்டிலை மேஜைலருந்து எடுத்து சமையக்கட்டுல வச்சாச்சு, சட்டிக்கு மொத்தமா ரெண்டு ஸ்பூன் நான் போடுறதோட சரி. மேஜைல எலுமிச்சைதான், ஆளுக்கு ரெண்டு துண்டு, வறுத்து இடிச்ச மிளகா, பச்சை வெங்காயம் பொடிசா நறுக்கி தண்ணில அலசினது. புளிப்பும் காரமும் ஏறிட்டா உப்பைக் கேக்க மாட்டாங்க. அஜினோமோட்டோ பத்தி மருமக கேட்டா, அதுலயும் சோடியம் இருக்கு, ஆனா சாதா உப்புல இருக்கிறதுல மூணுல ஒரு பங்குதான். இங்க அதுக்கு அச்சோமோன்னு பேரு, பர்மாக்காரங்க அது இல்லாம தண்ணி கூட காய்ச்ச மாட்டாங்கன்னு மாமனார் கிண்டல் பண்ணுவாரு. நான் ஒரு சிட்டிகை போடுறேன், மறைக்கல.

கவ்ஸ்வே அளவைக் குறைச்சேன், அதுல எல்லாரும் முணுமுணுத்தாங்க. அது மைதாதானே, ஷுகருக்கு ஆகாது. பாதி கவ்ஸ்வே, பாதிக்கு முட்டைக்கோசை நூல் மாதிரி நறுக்கி வெந்நீர்ல ஒரு முக்கு முக்கி எடுத்து கலந்துட்டேன், வாழைத்தண்டும் ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன், அது மொய்ங்கான்னு இங்க சாப்பிடற மீன் சாறு நூடுல்ஸுக்குத்தான் சரி, இதுல ஒட்டல. பேரனுக்கு மட்டும் முழுக் கவ்ஸ்வே, வளர்ற பிள்ளை.

மேல தூவுற பொரிச்ச கவ்ஸ்வேல நான் தோத்துட்டேன்னு ஒத்துக்கிறேன். எண்ணெயே இல்லாம சட்டில போட்டு வாட்டிப் பார்த்தேன், வெளிய கருகி உள்ள கட்டையா நின்னுச்சு, “விளக்குமாத்துக் குச்சி”ன்னு மகன் ஒரே வார்த்தைல சொல்லிட்டான். எண்ணெய் தடவி வாட்டினேன், கொஞ்சம் தேவலாம், ஆனா அந்த கறுக்மொறுக் வரல. அப்ப மருமகதான் சாம்பார் சாதத்துக்கு சுட்டு வச்சிருந்த அப்பளத்தை எடுத்து நொறுக்கிப் போட்டா. கரி அடுப்புல சுட்ட அப்பளம், எண்ணெயே கிடையாது, அதுல சாறு பட்டு பாதி ஊறி பாதி மொறுமொறுன்னு, அட, பொரிச்ச கவ்ஸ்வேயை யாரு கேட்டா. 26ம் தெருல நம்மாளுங்க கடைல அப்பளக் கட்டு எப்பவும் கிடைக்கும். அப்பளத்துலயும் உப்பு இருக்கு, அதனால தலைக்கு ஒண்ணுதான்.

இன்னொண்ணு, அது எனக்கே பின்னாடிதான் உறைச்சுச்சு. புரட்டாசி மாசம் எங்க வீட்ல கவிச்சி கிடையாது, ஆனா ஞாயித்துக்கிழமை கவ்ஸ்வே உண்டு. கோழிக்கு பதிலா அவிச்ச கொண்டக்கடலையும், இங்க ஷான் இனத்துக்காரங்க கடலை மாவைக் காய்ச்சி ஆற வச்சு துண்டு போடுற மஞ்ச டோஃபுவும், மீன் சாஸுக்கு பதிலா உப்பு, எண்ணெய் ரெண்டு ஸ்பூனுக்கு மேல அத்தை ஊத்தவே மாட்டாங்க, விரதத்துல என்ன ஆடம்பரம்னு. அதை வருஷா வருஷம் நாலு அஞ்சு வாரம் எல்லாரும் ருசிச்சுத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம், ஒருத்தரும் அதை டயட்டுன்னு சொன்னதில்ல. அந்த மாதிரி ஒவ்வொரு வீட்லயும் விரதத்துக்குன்னும் இல்லாத காலத்துக்குன்னும் ஒரு ஆக்குமுறை இருக்கும்னு நினைக்கிறேன். உங்க சமையல் பக்கத்துக்காரங்க வெளிநாட்டு சாமானைத் தேடுறதுக்கு முன்னாடி வாசகர்கள்கிட்ட அதைக் கேட்டு வாங்கிப் போடலாம், ஒரு வருஷத்துக்கு பக்கம் நிறையும். கூடவே எத்தனை பேருக்கு எத்தனை ஸ்பூன் எண்ணெய்னு கண்டிப்பா போடுங்க, ‘தேவையான அளவு’ன்னு போடாதீங்க. தேவையான அளவுன்னா எங்க அத்தைக்கு 163 கிராம்.

எங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட் அடுத்த மாசம் எடுக்கணும், என்ன வரும்னு தெரியாது, அவரு மாத்திரையும் சாப்பிடறாரு நடக்கவும் செய்யறாரு, அதனால நல்லா வந்தா கவ்ஸ்வேக்குத்தான் பேருன்னு நான் சொல்ல மாட்டேன். பெல்ட்டுல ஒரு ஓட்டை உள்ள போயிருக்கு, அது எனக்குத் தெரியும்.

அத்தைகிட்ட மட்டும் அந்த மூணாவது ஸ்பூன் விஷயத்தைச் சொல்லாமத்தான் இருந்தேன். மேல செவப்பா எண்ணெய் நிக்குதே, அவங்களும் ஒண்ணும் சொல்லாம ஆறு வாரம் சாப்பிட்டாங்க. போன ஞாயிறு கிண்ணத்தைக் கைல எடுத்து ஒரு பக்கமா சரிச்சாங்க, எண்ணெய் ஜாஸ்தியா இருந்தா ஓரத்துல தேங்கும், இது காகிதம் மாதிரி ஒதுங்கி அடில வெள்ளைச் சாறு தெரிஞ்சுச்சு. என்னைப் பார்த்தாங்க. நான் முட்டையை உரிச்சுக்கிட்டு இருந்தேன், தலை நிமிரல. தன் மகன் சாப்பிடறதை ஒரு தடவை பார்த்தாங்க, அவரு ரெண்டாவது கிண்ணத்துல இருந்தார். அப்புறம் ஒண்ணுமே சொல்லாம எலுமிச்சையைப் பிழிஞ்சுக்கிட்டு சாப்பிட்டாங்க.

இந்தக் கடுதாசியை அனுப்புறதுக்கு முன்னாடி அவங்களுக்கு வாசிச்சுக் காட்டினேன், அந்த இடத்தையும் விடாமத்தான் வாசிச்சேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, “முட்டை எத்தனைன்னு எழுதலயேத்தா”ன்னாங்க. ஆறு பேருக்கு ஆறு முட்டை, அய்யா.

இப்படிக்கு,
உங்கள் வாசகி ஒருத்தி,
ரங்கூன்